ஊருக்கெல்லாம் ஒரே தவிட்டு மூட்டை

போன வாரம், எடைக்கல் காணாமல் போய் நானே தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்த கதையைப் படித்துவிட்டு, சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாக நாலைந்து பேர் கார்டு எழுதியிருந்தார்கள். இந்த வாரம் அவர்களுக்குக் கார்டு செலவு மிச்சம்.

அந்த மனிதர் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் கடைக்குத்தான் வந்தார். சலவை வேட்டி, தோளில் பச்சைக் கரைத் துண்டு, கக்கத்தில் கறுப்புக் குடை. கூட வந்த இரண்டு பெண்களும் ஒரு கிழவரும் எதிரே புளியமரத்து நிழலில் ஒதுங்கி நின்றார்கள். ஒரு பெண்ணின் கையில் வாழையிலையில் சுருட்டிய பூப் பொட்டலம். பஸ்ஸில் வந்த கசங்கலிலும் மல்லி வாசனை ரோட்டைத் தாண்டி என் மிளகாய் மூட்டை வரைக்கும் வந்தது.

பூவோடு வந்தால் பெண் பார்க்க வந்தவர்கள். இதைக் கண்டுபிடிக்க உத்திரமேரூரில் யாருக்கும் மூளை தேவைப்படாது. எனக்கே தெரிந்துவிட்டது.

அவர் கொட்டைப்பாக்கு இரண்டு கேட்டார். கொடுத்தேன். வாயில் போடாமல் உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

"கன்னியப்ப நாயக்கரு வூடு எந்தப் பக்கம்?"

"கோயிலத் தாண்டி ரெண்டாவது திருப்பம். கெணத்தாண்ட ஓட்டு வூடு."

"நான் பையனுக்குத் தாய்மாமன். வாலாஜாபாத் பக்கம். மனுசன் எப்படி?"

"தங்கமான மனுசனுங்க."

"பொண்ணு?"

"வசந்தாவா? அப்பன் தங்கம்னா பொண்ணு வைரமுங்க. எஸ்.எஸ்.எல்.சி. படிச்சது. தையலும் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். பாக்கு உருண்டது. பிறகு, எங்கள் பக்கத்தில் பெண் வீட்டைப் பற்றி விசாரிக்கிறவர்கள் கடைசியாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"சோத்துக்கு எப்படி? சொந்த நெல்லா, கடை அரிசியா?"

'சொந்த நெல்லு' என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். இந்த அத்தியாயத்தையே நான் எழுத வேண்டியிருந்திருக்காது. ஆனால் இரண்டு சொல்லில் மூடுகிற வாயா என் வாய்?

அந்த வாயிலிருந்து வந்ததைச் சொல்வதற்கு முன்னால், தவிட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒரு முறம் விலை

எனக்கும் தவிட்டுக்கும் பிறவிப் பந்தம். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்த அன்றே என்னை எதிர்வீட்டு அம்மாளுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எமன் வந்தால், 'இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, விலைக்கு வாங்கியது' என்று ஏமாந்து போய்விடுவானாம். 'அந்த அம்மா தவிட்டையே வெச்சிக்கிறேன்னுதான் சொன்னாங்களாம்' என்று என் தம்பி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

எங்கள் வீடு காஞ்சிபுரத்தில் தறி வீடு. என்னையும் தறியில் உட்கார வைத்துப் பார்த்தார் அப்பா. நான் உட்கார்ந்த ஒரு மாதத்தில் அறுந்த இழைகளைச் சேர்த்திருந்தால் இன்னொரு புடவை ஆகியிருக்கும். "நீ வியாபாரத்துக்குப் போ. அங்க அறுக்கறதுக்கு நூல் இல்ல" என்று அனுப்பிவிட்டார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தறி வீட்டில் அரிசி எப்போதும் கடையிலிருந்துதான் வரும். கூலி வந்த அன்று அரிசி வரும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நெல்லை நான் வைக்கோலோடு சேர்த்துப் பார்த்ததே இருபத்தைந்து வயதுக்கு மேல்தான். அரிசி என்றால் சாக்கிலிருந்து வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தவன், உத்திரமேரூர் பஜாரில் வந்து மளிகைக் கடை போட்டேன். போட்டதோடு நிற்காமல், வாசலில் பலகை மாட்டினேன்: 'இங்கு அரிசி கிடைக்கும்.'

நெல் ஊரில் அரிசிக் கடை

ஊரே சிரித்தது. ஏரிப் பாசனம், மூன்று பக்கமும் வயல், அறுப்புக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயும், பஸ் அதன்மேல் ஏறிப் போகும். அந்த ஊரில் ஒருவன் அரிசி விற்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறான். வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வந்தார்கள்.

"இன்னா நைனா, ஏரித் தண்ணியக்கூட பாட்டில்ல ஊத்தி வெச்சிக்கினு குந்தறதுதானே" என்று ஒருவர் கேட்டார். (இப்போது அவர் இருந்திருந்தால் அதையும் பார்த்திருப்பார்.)

முதல் வருஷம் அரிசி வாங்கினவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். வாத்தியார்கள், போஸ்ட்மாஸ்டர், ஒரு போலீஸ்காரர். நிலம் உள்ளவர்கள் உப்பு, புளி, மண்ணெண்ணெய் வாங்குவார்கள். அரிசி மூட்டையின் பக்கம் கண்ணைத் திருப்பவே மாட்டார்கள். நிலமுள்ளவன் கடையில் அரிசி வாங்கினால், அந்த வீடு முடிந்துபோன வீடு என்று அர்த்தம்.

என் மனைவி சரோஜா ஊருக்கு வந்த ஆறே மாதத்தில் புரிந்துகொண்டாள். எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று.

"அவங்களுக்கு அரிசி பணத்தோட சேர்ந்ததில்லீங்க. ஆளோட சேர்ந்தது" என்றாள்.

நெல் இருந்தால் மட்டும் சோறு ஆகாது. அண்டாவில் ஊற வைக்க வேண்டும், அவிக்க வேண்டும், சூட்டோடு வாரிக் களத்தில் கொட்ட வேண்டும், காலால் துழாவிக்கொண்டே காய வைக்க வேண்டும், காக்கை, ஆடு ஓட்ட வேண்டும், மழை வந்தால் பத்து கை சேர்ந்து வாரிக் குவிக்க வேண்டும். பிறகு வண்டி கட்டி மில்லுக்குப் போக வேண்டும். ஒரு வீட்டில் சொந்த நெல்லுச் சோறு என்றால், அந்த வீட்டில் நாலு பெண்கள் இருக்கிறார்கள், இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள், மாடு இருக்கிறது, எல்லாரும் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். தாய்மாமன்கள் கேட்கிற கேள்விக்கும் அதுதான் அர்த்தம்.

அந்த வீடுகள்தான் என் கண்முன்னால் கழன்றுகொண்டிருந்தன. அம்பத்தூர், ஆவடி என்று புது பேக்டரிகள் பையன்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. முதலில் பையன் போவான். பொங்கலுக்கு வருவான். அடுத்த வருஷம் கல்யாணம். அதற்கடுத்த வருஷம் பெண்டாட்டியும் போவாள். அப்புறம் இரண்டு அடுப்பு. பெரிய வீட்டில் கிழவனும் கிழவியும், அதே பெரிய அண்டாவும் மிஞ்சும். அண்டாவைத் தூக்க ஆள் இருக்காது. கூலிக்கு அவிக்க வந்த பெண்களும் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள்.

நெல் மட்டும் தவறாமல் விளைந்தது. அவிக்க ஆளில்லாதவர்கள் அடித்த களத்திலேயே வாலாஜாபாத் மில் தரகர்களுக்குப் போட்டுவிட்டார்கள். எங்கள் ஊர் நெல் லாரி ஏறி வாலாஜாபாத் போய், குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு, அரிசியாகி என் கடைக்குத் திரும்பி வரும். தன் வயல் நெல்லைத் தானே அடையாளம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கத்தான் ஆள் வர வேண்டும்.

வந்தார்கள். முதலில் வந்தவர் கன்னியப்ப நாயக்கர்.

மில் ரோடு வழியாக

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். பஜாரில் நாய்கூடப் படுத்துக்கொள்கிற நேரம். நாயக்கர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, கடைக்கு முதுகைக் காட்டியபடி நின்று, வராத பஸ்ஸைப் பார்த்தார். பார்த்தபடியே பேசினார்.

"ஒரு இருவது கிலோ போடு."

"எதுல, நாயக்கரே?"

"அதுலதான்."

'அரிசி' என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நான் விடுவேனா? "பருப்பா, சர்க்கரையா?" என்று கேட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அதோடு போட்டுவிட்டேன்.

அவருக்கு இரண்டு பையன்கள். ஒருவன் அம்பத்தூர், ஒருவன் பெங்களூர் பக்கம். இரண்டு மருமகள்களும் கூடவே. மனைவி பட்டம்மாளுக்கு இளைப்பு, புகை ஆகாது. வீட்டில் மிச்சம் வசந்தா ஒருத்தி. மாட்டை விற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது, பால் கறந்து சாணி வார ஆளில்லாமல்.

அரிசி மூட்டையைக் கேரியரில் கட்டினேன். நாயக்கர் நகரவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"நைனா, தவிடு கீதா?"

"தவிடு எதுக்கு? மாட்டத்தான் வித்துட்டீங்களே."

அவர் குரலை இறக்கினார். "மில்லுக்குப் போனவன் தவிடு இல்லாம வருவானா?"

கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. விளங்கினதும் சிரிப்பை அடக்க மூக்கைப் பிடித்துக்கொண்டேன். சொந்த நெல்லை அரைத்துக்கொண்டு வருகிறவன் சைக்கிளிலோ வண்டியிலோ இரண்டு மூட்டை இருக்கும். கீழே அரிசி, மேலே தவிடு. தவிட்டு மூட்டை இல்லாமல் அரிசி மட்டும் தெருவில் போனால், அது கடை அரிசி. தவிடுதான் சாட்சி.

உள்ளே எனக்குத் தெரிந்த பால்காரருக்காக வைத்திருந்த அரை மூட்டைத் தவிடு இருந்தது. எடுத்து மேலே வைத்துக் கட்டினேன். நாயக்கர் வீட்டுக்கு வலது கைப்பக்கம் போக வேண்டும். அவர் இடது கைப்பக்கம் போனார். மில் ரோடு வரைக்கும் போய், மில் வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு, அங்கிருந்து தெரு முழுக்கப் பார்க்கும்படி வீட்டுக்குத் திரும்பினாராம்.

ஏழு வீட்டுச் சம்பந்தி

அடுத்த மாதம் நாயக்கர் தவிட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். "இத்த வெச்சிக்கினு இன்னா பண்றது? எலி வருது." அதையே அடுத்த மூட்டை அரிசியின்மேல் வைத்து அனுப்பினேன்.

அவரைப் பார்த்தோ, அவரைப் போலவே யோசித்தோ, அடுத்த ஒன்றரை வருஷத்தில் இன்னும் ஆறு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் மத்தியானம் இரண்டு மணிக்கு, ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் என்ற நினைப்பில். காவாந்தண்டலத்திலிருந்துகூட ஒருவர் வந்தார். அவர்கள் யாரிடமும் மாடு இல்லை. எல்லாருக்கும் தவிடு வேண்டும்.

என்னிடம் இருந்தது ஒரே மூட்டை. திங்கட்கிழமை ஒரு வீட்டுக்குப் போகும், வியாழக்கிழமை திரும்பும், வெள்ளிக்கிழமை வேறு வீட்டுக்குப் போகும். சாக்கில் ஒரு மூலை கிழிந்து, சரோஜா தன் நீலப் புடவைத் துண்டை வைத்துத் தைத்தாள். புதுத் தவிட்டில் ஒரு சூடும் தித்திப்பும் மணக்கும். இது ஏழு வீடு சுற்றிக் காறல் நெடி அடித்தது. உள்ளே பூச்சி குடும்பம் நடத்தியது. எங்கள் ஊரில் கூட்டுக் குடும்பமாக மிஞ்சியிருந்தது அந்த மூட்டைக்குள் மட்டும்தான்.

"ஏழு வூட்டுக்கும் ஒரே சம்பந்தி இந்த மூட்டைதான்" என்றாள் சரோஜா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

"இத்த எங்கயும் வேடிக்கையா சொல்லித் தொலைக்காதீங்க."

"நானா?"

"நீங்கதான்."

நான் சொல்லவில்லை. சத்தியமாக ஒன்றரை வருஷம் சொல்லவில்லை. ஆனால் அது தொண்டையில் உட்கார்ந்துகொண்டு அரித்துக்கொண்டே இருந்தது. நல்ல வேடிக்கை ஒன்று கையில் இருந்து சொல்லக் கூடாது என்றால், என்னைப் போன்றவனுக்கு அது சொறிய முடியாத இடத்துச் சிரங்கு.

அரிசியே வாங்காதவர்கள் என்று ஊர் நம்புகிற ஏழு பேருக்கு நான் மாதாமாதம் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒரு விளையாட்டு. அவர்களுக்கு அது என்ன என்பது எனக்குத் தெரியாது. கடை அரிசியில் வளர்ந்தவனுக்கு எப்படித் தெரியும்?

தாய்மாமன்

இப்போது பாக்கு உருட்டுகிறவரிடம் திரும்பிப் போகலாம். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. ஆனாலும் போகத்தான் வேண்டும்.

"சொந்த நெல்லா, கடை அரிசியா?" என்றார்.

நாயக்கரைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்லிவைக்கிறேன். பொய் சொல்ல வேண்டும், நன்றாகச் சொல்ல வேண்டும், கேட்டவர் சிரித்துக்கொண்டே நம்பிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"கடை அரிசியா? நல்லா கேட்டீங்க போங்க. அவரு என் அரிசி மூட்டை பக்கம் திரும்பிக்கூட பாத்ததில்ல. என்னாண்ட அவரு வாங்கறது தவிடு மட்டுந்தான்."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. உள்ளங்கையில் பாக்கு நின்றது. அவர் கண்ணில் ஒரு கணக்கு ஓடி முடிந்ததை நான் பார்த்தேன். சொந்த நெல்லை அரைக்கிறவன் வீட்டில் தவிடு மிஞ்சும். அவன் எதற்குத் தவிடு வாங்குகிறான்?

"தவிடு வாங்குவாரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அது... மாட்டுக்குங்க. மாடு ஜாஸ்தி."

"அப்படியா? ரொம்ப சந்தோசம்."

குடையை எடுத்துக்கொண்டார். நாலு பேரும் கோயில் பக்கம் நடந்தார்கள். மாடு ஜாஸ்தி என்று சொன்னேனே, அதைப் பார்க்கத்தான் போகிறார் என்று என் மண்டைக்கு உறைக்க அவர்கள் திருப்பத்தில் மறைய வேண்டியிருந்தது. ஓடிப்போய் நாயக்கரிடம் சொல்லலாமா என்று இறங்கினேன். என்ன சொல்வது? அதற்குள் யாரோ கடுகு கேட்டார்கள். கடுகு மடித்துக் கொடுத்தேன்.

அரை மணிகூட ஆகவில்லை. திரும்பி வந்துவிட்டார்கள். முன்னால் கிழவர், பின்னால் பெண்கள். அந்தப் பெண்ணின் கையில் வாழையிலைப் பொட்டலம் அப்படியே இருந்தது. கட்டிய நார்கூட அவிழவில்லை.

தாய்மாமன் மட்டும் கடை முன்னால் ஒரு நிமிஷம் நின்றார்.

"தவிடு நல்லாத்தான் கீது கடைக்காரரே. மாடுதான் இல்ல."

அப்போதுதான் பாக்கை வாயில் போட்டுக்கொண்டார்.

நான் என்னவோ குழறினேன். அவர் கோபமாகப் பேசவில்லை. பஸ்ஸைப் பார்த்தபடி, ஏதோ அறுப்பு நிலவரம் சொல்வதுபோலச் சொன்னார். "பொண்ண ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா ஆளில்லாத வூடு. நாளைக்கு அந்தப் பெருசுங்க ரெண்டும் எங்க பையன் தலையிலதான் வரும். அத்த நேரா சொன்னாகூட பரவால்ல. மூட்டைய நடு வூட்ல வெச்சி மறைக்கறாங்க பாரு, அப்பால எத்த நம்பறது?"

பஸ் வந்தது. பூவும் பஸ் ஏறிற்று.

வேடிக்கை ஊருக்குப் போனது

சரோஜா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நீங்க இன்னா சொன்னீங்க?"

சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வெகுநாள் என் வேடிக்கைக்கு அவள் சிரிக்கவில்லை. இப்போது சிரிக்கிறாள், முன்பு சிரித்த மாதிரி இல்லை.

நாலு நாள் கழித்து நாயக்கர் வந்தார். இரண்டு மணி. சைக்கிளில் அந்த மூட்டை. நான் கல்லாவை விட்டு எழுந்து நின்றேன். திட்டுவார், அடிப்பார், மூட்டையை என் தலையில் கொட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொட்டியிருக்கலாம்.

"பூச்சி ஜாஸ்தியா பூந்துகிச்சி நைனா. வேற மாத்திக் குடேன்."

"வந்தவங்க... இன்னா சொன்னாங்க?"

"சொல்லி அனுப்பறேன்னாங்க." வராத பஸ்ஸைப் பார்த்தார். "மாமன்காரரு மாட்டுக் கொட்டாய்ல போயி ரொம்ப நேரம் நின்னாரு. சாணி காஞ்ச தடங்கூட இல்ல, அங்க இன்னாத்த பாக்கறாரு. பேஜாராப் பூடுச்சி."

என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று முடிவு செய்துகொண்டேன். எனக்கு அப்படித்தான் வேண்டியிருந்தது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, "போடு" என்பார். போடுவேன்.

அந்தத் தாய்மாமன் பஸ்ஸில் யாரிடம் சொன்னாரோ, அந்த யாரோ யாரிடம் சொன்னாரோ, கொஞ்ச நாளில் நாயக்கர் வீட்டுக்கு ஊரில் ஒரு பெயர் வந்தது. தவிட்டு வீடு. யாராவது வழி கேட்டால், "தவிட்டு வூடா? கெணத்தாண்ட" என்றார்கள். அதன் பிறகு வந்த இரண்டு சம்பந்தமும் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போனது. மூன்றாவது வரவில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன வேடிக்கைகளில் ஊர் மறக்காமல் வைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு ஆறவே ஆறாதது.

ஐந்தாறு வருஷம். அவ்வளவுதான். அதற்குள் எல்லாம் மாறிவிட்டது. பொங்கலுக்கு வந்த பட்டணத்துப் பிள்ளைகள், "இந்த மோட்டா அரிசி எறங்க மாட்டேங்குதும்மா, பொன்னி வாங்கு" என்றார்கள். அம்மாக்கள் பிள்ளைகளுக்காக என்று சொல்லி வாங்க வந்தார்கள். பிள்ளைகள் போன பிறகும் வாங்கினார்கள். மூட்டை போய் கிலோ வந்தது, அப்புறம் அரைக் கிலோ வந்தது. இரண்டு பேருக்கு எதற்கு மூட்டை? பஜாரில் என்னோடு சேர்த்து நாலு கடையில் அரிசி. படம் போட்ட சாக்கில், பெயர் அச்சடித்து, பட்டப்பகலில், கடைத்தெரு நடுவில் வாங்கிப் போனார்கள். எந்த ரகம் என்று பெருமையாகக் கேட்டுக்கொண்டார்கள். யாரும் தவிடு கேட்கவில்லை. அரிசி இறக்க வரும் வாலாஜாபாத் லாரிக்காரர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார், அந்தத் தாய்மாமன் வீட்டுக்கே மாதம் ஒரு சாக்கு இறக்குகிறாராம். அவர் மருமகள்களும் ஆவடி போய்விட்டார்கள்.

ஊரே கடை அரிசி தின்ன ஆரம்பித்துவிட்டது. எதற்காக ஒரு பெண்ணை வேண்டாம் என்றார்களோ, அந்தக் காரணம் செத்துப்போய்விட்டது. வேண்டாம் என்றது மட்டும் சாகவில்லை. அதற்குள் வசந்தாவுக்கு முப்பது தாண்டியிருந்தது.

நாயக்கர் மட்டும் கடைசி வரைக்கும் இரண்டு மணிக்குத்தான் வந்தார். பட்டம்மாள் கண்ணை மூடிய பிறகு இருபது கிலோ பத்தாயிற்று. அதன்மேல் தவிட்டு மூட்டை. மில் ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவார். அந்த மில்லே மூடி வாசலில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது.

அரைக் கிலோ

நாயக்கர் போய்ச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். காலை பத்து மணி, கடையில் நல்ல கூட்டம். கூட்டத்துக்கு நடுவில் ஒரு துணிப்பை நீண்டது.

"பொன்னி அரிசி அரைக் கிலோ."

வசந்தா. பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தினமும் ஊர்ப் பிள்ளைகளுக்கு அரிசி அளந்து போடுகிறவள், தனக்கு அரைக் கிலோ கேட்கிறாள். நாலு பேர் முன்னால், நிமிர்ந்து நின்று கேட்டாள். அவள் அப்பா வாயில் ஒரு நாளும் வராத சொல் அவளுக்கு எவ்வளவு சுலபமாக வந்தது.

கூட்டம் கலையும்வரை அவள் பையை வாங்கி ஓரமாக வைத்துக்கொண்டேன். பிறகுதான் அரைக் கிலோ நிறுத்துப் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

"வசந்தா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா."

"தவிட்ட பத்தியா?"

நான் தராசைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியும்ணா. அந்த மாமன்காரரு எங்க வூட்ல குந்தினதும் மொத வார்த்தையே அதான். 'தவிடு மட்டுந்தான் வாங்குவீங்களாமே, கடைக்காரரு சொன்னாரு'ன்னாரு."

"உங்கப்பா..."

"அப்பாவப் பாத்துதானே கேட்டாரு."

ஏழெட்டு வருஷம். ஒவ்வொரு மாதமும் அந்த முதுகு என் கடை வாசலில் நின்றது. பூச்சியைப் பற்றிப் பேசியது, பஸ்ஸைப் பற்றிப் பேசியது.

"தெரிஞ்சுமா என் கடைக்கே வந்தாரு? ஒரு வார்த்தை கேக்கலியேம்மா. ஏன்?"

அவளுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

"வேற எங்க போவாரு? இன்னொரு கடைக்குப் போனா இன்னொருத்தனுக்கும் தெரியும்ல. உனக்குத்தான் ஏற்கெனவே தெரிஞ்சிடுச்சே."

கோபமே இல்லாமல் சொன்னாள். பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சொல்கிற குரல். மன்னிப்பு என்று ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் கடைக்காரன். மூட்டைக்குள் கையை விட்டு மேற்கொண்டு ஒரு பிடி அரிசியை அள்ளி அவள் பையில் போடப் போனேன்.

அவள் பையின் வாயை மூடிக்கொண்டாள்.

"அரைக் கிலோ போதும்ணா. மிஞ்சினா போடறதுக்கு மாடா கீது?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். உதட்டோரம் ஏதோ அசைந்தது. இத்தனை வருஷம் ஊரைச் சிரிக்க வைத்துக் கடை நடத்தியவனுக்கு, அதற்குச் சிரிக்க வேண்டுமா கூடாதா என்று தெரியவில்லை. அவள் கோயில் பக்கம் நடந்து போனாள். நேர் வழியில்தான் போனாள்.

பிடி அரிசி என் கையிலேயே இருந்தது. அடுத்து வந்தவர் பையை நீட்டினார்.

"இன்னா நைனா, சும்மா குந்திக்கினு கீற? போடு."